கேளுங்க, சொல்றேன்: கரையில விட்டுட்டுப் போன மனுஷன்

போன இதழ்ல கடலோர ஊர்களப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு, ஊருக்குள்ள திடீர்னு வந்து நிக்கிற, பேரும் தெரியாத ஊரும் தெரியாத ஆளுங்களப் பத்தி. அதனால இந்தத் தடவ சமையல் கேள்வி, வேலைக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, கனடாவுல ஒரு கடற்கரையில ரெண்டு காலும் இல்லாத ஒரு ஆள கப்பல்ல வந்தவங்க எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்களாம், அவரு சாகுற வரைக்கும் யார்னே சொல்லலையாம், கடற்கொள்ளக்காரன்னும் ராஜா வீட்டு வாரிசுன்னும் ஒரு வீடியோல பாத்தேன். இதெல்லாம் நடந்ததா, இல்ல கட்டுக்கதையா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆளு நிஜம் தம்பி, கால் இல்லாததும் நிஜம். கடற்கொள்ளக்காரன், ராஜா வீட்டு வாரிசு இதெல்லாம் ஊர் வாய் கட்டினது. முழுசா சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி வீடியோக்கள் விட்டுட்டுப் போற பாதிதான் எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு.

கனடாவோட கிழக்குக் கோடில நோவா ஸ்கோஷியான்னு ஒரு மாகாணம், 1863ல அது இன்னும் பிரிட்டிஷ்காரங்க காலனிதான். அதுல டிக்பி நெக்னு கடலுக்குள்ள விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற ஒல்லியான நிலம், ஒரு பக்கம் ஃபண்டி வளைகுடா, மறுபக்கம் செயின்ட் மேரிஸ் வளைகுடா, நடுவுல சாண்டி கோவ்னு ஒரு சின்ன மீன்பிடி ஊர். அந்த வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி ஃபண்டி பக்கத்துக் கரையில ஒரு ஆளு கிடக்கிறத ஊர்க்காரங்க பாத்தாங்க. சின்ன வயசு. ரெண்டு காலையும் முட்டிக்கு மேலயே எடுத்திருக்கு, கட்டு போட்டிருக்கு, குளிர்ல வெடவெடன்னு நடுங்கிட்டிருக்காரு. பக்கத்துல ஒரு ஜாடி தண்ணி, ஒரு டின்னுல பிஸ்கட். முந்தின நாள் கரைக்கு எதிர்ல ஒரு கப்பல் அங்கிட்டும் இங்கிட்டுமா போய்க்கிட்டிருந்துச்சுன்னு சிலர் சொன்னாங்க. துப்புன்னு பாத்தா அவ்வளவுதான்.

அந்த ஜாடியையும் டின்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஃபண்டி வளைகுடா உலகத்துலயே ஓதம் ரொம்ப அதிகமா ஏறி எறங்குற கடல், உள் மூலையில மினாஸ் பேசின் பக்கம் 16 மீட்டர் வரைக்கும் ஏறும், அஞ்சு மாடி வீட்டு உயரம். சாண்டி கோவ் வளைகுடாவோட வாய்ப்பக்கம் இருக்கிறதால அந்த அளவு இல்ல, ஆனாலும் சென்னைக் கரையில ஒரு மீட்டர் கிட்ட ஏறுற ஓதத்த மட்டும் பாத்த நமக்கு அது பயங்காட்டுற ஓதம்தான். கால் இல்லாதவர் எந்திரிச்சு மேட்டுக்குப் போக முடியாதுன்னு எறக்கி வெச்சவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் தண்ணி வெச்சிருக்கான், பிஸ்கட் வெச்சிருக்கான். சாகட்டும்னு நினைச்சவன் அத வெச்சிருக்க மாட்டான், நல்லா இருக்கட்டும்னு நினைச்சவன் அந்த எடத்துல எறக்கியிருக்க மாட்டான். யாராவது பாத்துப்பாங்கன்னு நினைச்சிருக்கான், அவ்வளவுதான் எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் கோயில் வாசல்லயும் வயசானவங்கள உக்கார வெச்சிட்டுப் போறவங்களும் கையில ஒரு பையையும் பன் பாக்கெட்டையும் கொடுத்துட்டுத்தான் போறாங்க.

ஊர்க்காரங்க அவர வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் கம்பளி போத்தி சூடா குடிக்கக் கொடுத்து காப்பாத்திட்டாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. பேர் கேட்டதுக்கு 'ஜெரோம்' மாதிரி ஏதோ முனகினாராம், அதுவே கடைசி வரைக்கும் பேராயிடுச்சு. எங்கேருந்து வரேன்னு கேட்டப்ப 'ட்ரியஸ்ட்'னு காதுல விழுந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு, அது இத்தாலிப் பக்கத்துத் துறைமுக ஊரு. இதுக்கப்புறம் பேச்சு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. பேசாத ஒரு ஆளு ஊருக்குள்ள இருந்தா ஊரு சும்மா இருக்குமா, அவருக்காக ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. கை மெத்துன்னு இருக்கு, உழைச்ச கை இல்ல, அப்ப கப்பல் ஆபீசரா இருக்கணும். கால சுத்தமா வெட்டியிருக்கு, அப்ப டாக்டர் வெட்டினது, அப்ப கப்பல்ல கலகம் பண்ணதுக்குத் தண்டனையா இருக்கணும். இல்லன்னா பெரிய சொத்துக்கு வாரிசு, பங்காளிங்க வேலை. இப்படி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அடுக்கி, கடைசில அந்த மனுஷனையே காணோம், கத மட்டும்தான் நின்னுச்சு.

சாண்டி கோவ்ல இருந்தவங்க இங்கிலீஷ் பேசுற பாப்டிஸ்ட் கிறிஸ்தவங்க. இவரப் பாத்தா தெக்கு ஐரோப்பா ஆளு மாதிரி இருக்கு, கத்தோலிக்கரா இருப்பாருன்னு முடிவு பண்ணி, செயின்ட் மேரிஸ் வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் மெட்டெகன்னு பிரெஞ்சு பேசுற ஊருக்கு அனுப்பிட்டாங்க. இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அந்தப் பக்கம் இருந்தவங்க அகேடியன் ஜனங்க. 1755ல பிரிட்டிஷ் படை அவங்க முன்னோர்கள ஆயிரக்கணக்குல வீட்ட விட்டுத் துரத்தி, கப்பல்ல ஏத்தி, மொழி தெரியாத கரைகள்ல கொண்டுபோய் எறக்கி விட்டுச்சு, 1768லேருந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்தவங்க உண்டாக்கின ஊருங்கதான் அந்தக் கரை முழுக்க. கப்பல்ல கொண்டுவந்து எறக்கி விடப்பட்டவரோட வலி அவங்க வீட்டுப் பாட்டிங்க சொன்ன கதையிலயே இருந்திருக்கும்.

அங்க ஜான் நிக்கோலான்னு ஒரு கோர்சிகா தீவுக்காரர், பல பாஷை தெரிஞ்சவர், அவர் வீட்டுலதான் ஜெரோம் மொதல்ல ஏழு வருஷம் இருந்தாரு. நிக்கோலா தனக்குத் தெரிஞ்ச பாஷை ஒவ்வொண்ணுலயும் பேசிப் பாத்திருக்காரு, பதில் இல்ல. அப்புறம் பக்கத்துல செயின்ட் அல்போன்ஸ் ஊர்ல கோமோங்கிற குடும்பம் எடுத்துக்கிச்சு. அவர வெச்சுப் பாத்துக்கிறதுக்கு அரசாங்கம் வாரம் 2 டாலர் கொடுத்துச்சு, வருஷத்துக்கு 104. 1912 ஏப்ரல் மாசம் அவரு செத்துப்போற வரைக்கும், அதாவது 48 வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு. மெட்டெகன் கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லு இருக்கு, அதுல ஜெரோம்னு பேர் போட்டிருக்கு.

இப்ப வீடியோக்கள் விட்டுட்டுப் போற பாதி. ஃபண்டி வளைகுடாவுக்கு எதிர்க்கரையில நியூ பிரன்சுவிக்னு இன்னொரு மாகாணம். அங்க சிப்மன் பக்கம் மரம் வெட்டுற காட்டு ஊர்ல, அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி ஒரு வெளியூர்க்காரர் பனியில கால் ரெண்டும் உறைஞ்சுபோய்க் கிடந்திருக்காரு, கால எடுத்துட்டாங்க. அவருக்கும் பேச்சு இல்ல, 'காம்பி'ன்னு மட்டும் முனகுவாராம், அதையே பேரா வெச்சுட்டாங்க. இத்தாலியன்ல 'காம்பே'ன்னா கால்கள். காலு காலுன்னு கத்தியிருக்காரு மனுஷன், இவங்க அத பேருன்னு நினைச்சுட்டாங்க.

அந்தக் காலத்துல அந்த ஊருங்கள்ல வழி இல்லாதவங்கள அந்தந்த வட்டாரம்தான் தன் வரிப்பணத்துல பாத்துக்கணும், அதுக்குன்னு ஏழைகள் மேற்பார்வையாளர்னு ஆளு உண்டு. சில எடத்துல ஏலமே நடந்திருக்கு. நம்ம மீன் ஏலத்துக்கு நேர் தலைகீழா, யாரு ரொம்பக் கம்மியா காசு கேக்குறாங்களோ அவங்க வீட்டுக்கு அந்த ஏழைய ஓட்டி விட்டுருவாங்க. கால் இல்லாத, உழைக்க முடியாத, பேச முடியாத, யாருமில்லாத ஒருத்தர் ஆயுசுக்கும் செலவு. அதனால ஒரு கப்பல் கேப்டனுக்குக் காசு கொடுத்து காம்பிய வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் எறக்கி விட்டுரச் சொல்லிட்டாங்க, அந்தக் காம்பிதான் ஜெரோம்ங்கிறதுதான் பிற்காலத்துல தேடினவங்க வந்து சேந்த எடம். கையும் களவுமா பிடிச்ச சாட்சி இல்ல, ஆனா அந்த ஜாடியும் டின்னும் இந்தக் கதைக்குத்தான் பொருந்துது, கொள்ளக்காரன் கதைக்குப் பொருந்தல.

48 வருஷமா அந்தக் கரை முழுக்க 'இவரு யாரு'ன்னுதான் கேட்டுக்கிட்டிருந்துச்சு. எறக்கி விட்டது யாருங்கிற கேள்வியும் அப்பவே இருந்துச்சு, ஆனா அதுக்கும் கொள்ளக்காரன், பங்காளின்னு கண்ணுல படாத ஆளுங்களத்தான் தேடினாங்க. எதிர்க்கரையில குடும்பம் குட்டியோட, ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போற சாதாரண ஜனங்க கணக்குப் போட்டு செஞ்சிருப்பாங்கன்னு யாருக்கும் தோணல.

கேள்வி: 48 வருஷம் ஒருத்தர் வேணும்னே பேசாம இருக்க முடியுமா மேடம்? நடிச்சிருப்பாரோ?
– ஒரு கல்லூரி மாணவி, காரைக்கால்

பதில்: நடிச்சிருப்பாருன்னு எனக்குத் தோணலம்மா. நான் டாக்டர் இல்ல, அதனால இதுதான் நோய்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு தேதி சொல்றேன். ஜெரோம் கரையில கிடந்ததுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி, 1861ல பாரிஸ்ல பால் ப்ரோகாங்கிற டாக்டர் ஒரு நோயாளியப் பாத்தாரு, அவருக்கு 20 வருஷமா 'டான்'ங்கிற ஒரு சத்தத்தத் தவிர வேற வார்த்தை வராது, மத்தவங்க சொல்றது புரியும். செத்ததுக்கப்புறம் மூளைய ஆராஞ்சு பாத்தா எடது பக்கம் முன்பகுதில ஒரு எடம் பழுதாயிருக்கு. மூளையில அடிபட்டா புத்தி இருந்தும் பேச்சு மட்டும் போகலாம்ங்கிறத அப்பத்தான் உலகம் கத்துக்கிட்டிருந்துச்சு, அது நோவா ஸ்கோஷியா மீனவ கிராமத்துக்கு எப்ப வந்து சேரும் சொல்லுங்க. அந்த நோயாளியையும் ஆஸ்பத்திரியில எல்லாரும் 'டான்'னே கூப்பிட்டாங்க, காம்பியக் கூப்பிட்ட மாதிரியே.

ஜெரோம் கோவம் வந்தா உறுமுவாராம், பெரியவங்க கிட்ட வந்தா மூஞ்சத் திருப்பிக்குவாராம், ஆனா குழந்தைங்க கூட மட்டும் இணக்கமா இருந்திருக்காரு. குழந்தைங்க 'நீ யாரு, எங்கேருந்து வந்த'ன்னு நச்சரிக்கறதில்ல, பக்கத்துல உக்காந்து விளையாடும். நடிக்கிறவருக்கு 48 வருஷம் நடிச்சு என்ன கிடைச்சிருக்கும்? அடுப்புக்குப் பக்கத்துல தரையில ஒரு எடம், அவ்வளவுதானே.

கேள்வி: அவர வெச்சிருந்த குடும்பம் வேடிக்கை பாக்க வந்தவங்ககிட்ட காசு வாங்கினாங்களாமே, இது கொடுமை இல்லையா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: காசு வாங்கினது உண்மைதான்னு சொல்றாங்க. எனக்கும் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, அப்புறம் கோமோ குடும்பத்து மேல மட்டும் கோவப்பட எனக்கு யோக்கியதை இருக்கான்னு யோசிச்சேன். 40 வருஷத்துக்கு மேல ஒரு அந்நியர வீட்டுக்குள்ள வெச்சு சோறு போட்டு, துணி தொவைச்சு, தூக்கி உக்கார வெச்சது அவங்கதான். பாக்க வந்த கூட்டம் என்ன செஞ்சுச்சு, எட்டிப் பாத்துட்டுப் போச்சு. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தி.

நான் வளந்தது ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது மீன் ஏலக்கூடத்துல ஒருத்தர் வந்து தங்கினாரு, தாடி, அழுக்கு வேட்டி, வாயத் தொறக்க மாட்டாரு. சிலோன்ல இருந்து நீந்தி வந்தவர்னு ஒரு பேச்சு, போலீஸ் உளவாளின்னு ஒரு பேச்சு, கொல பண்ணிட்டு வந்து ஒளிஞ்சிருக்காருன்னு ஒரு பேச்சு. அவரு பகல் முழுக்க ஒண்ணுதான் செய்வாரு, பிஞ்சு போய் வீசின நைலான் வலைத் துண்ட எடுத்து, ஒவ்வொரு கண்ணா பிரிச்சு, மறுபடியும் முடிச்சுப் போடுவாரு. வெரல் அவ்வளவு வேகமா போகும், முடிச்சு அவ்வளவு ஒரே அளவா விழும், எங்க ஊர் பெரிய ஆளுங்களே அப்படி வல பின்னி நான் பாத்ததில்ல. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்க ஏழெட்டுப் பேரு போய் தூணுக்குப் பின்னாடி நின்னு பாப்போம், அவரு தல தூக்கினா கத்திக்கிட்டே ஓடுவோம், ஒருத்தன் கல்லு விட்டான், நாங்க சிரிச்சோம். எங்க அப்பத்தா மட்டும் தினமும் மத்தியானம் ஒரு தூக்குச் சட்டியில சோறும் மீன் குழம்பும் கொண்டுபோய் வெச்சிட்டு வரும். 'யாரு அப்பத்தா அவரு'ன்னு கேட்டேன். 'வல கட்டத் தெரிஞ்சவன்டி, எங்கேயோ ஒரு வீட்டுல இவனத் தேடிக்கிட்டு இருப்பாளுக'ன்னு சொல்லுச்சு.

ஊர் முழுக்க உளவாளி, கொலகாரன்னு பேசினப்ப எங்க அப்பத்தா அவரோட வெரலப் பாத்திருக்கு. நான் மாசக்கணக்குல தினமும் நின்னு பாத்தும் அது எனக்குத் தெரியல. மழைக்காலம் முடிஞ்சு ஒரு நாள் போய்ப் பாத்தா ஆளக் காணோம், எங்க போனாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்தக் கல்லுக்கு நான் சிரிச்சது இப்பவும் உறுத்துது.

கேள்வி: இங்கிலாந்துல ஒரு பியானோ மனிதர்னு கேள்விப்பட்டேன், அவரும் இதே மாதிரியா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஆரம்பம் ஒரே மாதிரி, முடிவு வேற. 2005 ஏப்ரல்ல கென்ட் பகுதியில ஷெப்பி தீவுல ஷியர்னஸ்னு கடலோர ஊர், அங்க சொட்டச் சொட்ட நனைஞ்ச கோட்டு சூட்டோட ஒரு வாலிபர் சுத்திக்கிட்டிருந்தாரு, வாயத் தொறக்கல. ஆஸ்பத்திரியில பேப்பரும் பேனாவும் கொடுத்தா பெரிய பியானோ ஒண்ண வரைஞ்சாரு, அங்க இருந்த சர்ச்சுல பியானோ முன்னாடி உக்கார வெச்சாங்க, வாசிச்சாரு. அவ்வளவுதான், உலகப் பத்திரிகை பூராவும் மாபெரும் இசை மேதைன்னு எழுதித் தள்ளிருச்சு, இவர எனக்குத் தெரியும்னு நூத்துக்கணக்குல போன். நாலு மாசம் கழிச்சு ஆகஸ்ட்ல அவரே பேசினாரு, ஜெர்மனிக்காரர், பவேரியா பக்கம், வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. மேதை இல்லன்னு தெரிஞ்சதும் ஏமாத்திட்டாருங்கிற மாதிரி எழுதினாங்க பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம். மேதைன்னு அவரு சொல்லவே இல்லையே, உடம்பு சரியில்லாத ஒரு பையன் ஒரு படம் வரைஞ்சாரு.

கேள்வி: சிலர் தாங்களே தன்னோட அடையாளத்த அழிச்சிட்டு வேற ஊருக்குப் போயிடறாங்களே, அவங்களையும் தேடத்தான் வேணுமா அக்கா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்க யார மனசுல வெச்சுக் கேக்குறீங்கன்னு தெரியல, ஆனா கேள்வியப் படிச்சதும் எனக்கு அயர்லாந்துல ஸ்லைகோ ஊர்தான் ஞாபகம் வந்துச்சு. 2009 ஜூன் 12ஆம் தேதி வடக்குல டெர்ரியில இருந்து பஸ்ஸுல ஒருத்தர் வந்து எறங்கினாரு, நரைச்ச தலை, மெலிஞ்ச உடம்பு, ஜெர்மன்காரங்க மாதிரி பேச்சு. ஹோட்டல்ல பீட்டர் பெர்க்மன்னு பேர் எழுதி, வியன்னா அட்ரஸ் ஒண்ணு கொடுத்தாரு. பேரும் பொய், அட்ரஸும் பொய். தினமும் ஒரு ஊதாக் கலர் பிளாஸ்டிக் பையில நிறைய ஏதோ சாமான் எடுத்துட்டு வெளிய போவாரு, திரும்பி வரும்போது பை காலியா மடிச்சு பாக்கெட்டுல இருக்கும். ஊர் முழுக்க கேமரா இருந்தும் அதையெல்லாம் எங்க போட்டாருன்னு ஒரு கேமராவுலயும் இல்ல. தபால் தலையும் விமானத் தபால் ஒட்டியும் வாங்கினாரு, யாருக்கு எழுதினாருன்னும் தெரியாது. டாக்ஸிக்காரர்கிட்ட குளிக்கிறதுக்கு நல்ல அமைதியான கடற்கரை எதுன்னு கேட்டிருக்காரு, அவரு ராசஸ் பாயிண்ட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காரு. ஜூன் 16 காலையில அந்தக் கரையிலதான் அவரோட உடம்பு கிடைச்சுது. சட்டையில இருந்த லேபிள் எல்லாம் வெட்டி எடுத்திருந்துச்சு. பிரேதப் பரிசோதனையில புற்றுநோய் முத்திப் போய் எலும்பு வரைக்கும் பரவியிருந்தது தெரிஞ்சுது, ஒரு சிறுநீரகம் இல்ல.

அங்க போலீஸ் எவ்வளவோ தேடியும் அவரு யாருன்னு கண்டுபிடிக்க முடியல, அந்த செப்டம்பர்ல ஸ்லைகோவுலயே அடக்கம் பண்ணிட்டாங்க. அவரு யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கலாம், அவரோட விருப்பத்த மதிக்கணும்ங்கிறவங்களும் இருக்காங்க, அந்த வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா அந்தத் தபால் தலை. யாருக்கோ எழுதியிருக்காரு, எழுதுறதுக்கு ஒருத்தர் இருந்திருக்காங்க. தேடுறது அவருக்காக இல்லாட்டியும் அந்தக் கடுதாசிய வாங்கினவங்களுக்காகவாவது தேடலாம்னுதான் என் எண்ணம். உங்க மனசுல இருக்கிறவர் உயிரோட இருக்காருன்னா, வலியில இருக்காருன்னா, தள்ளிப் போடாதீங்கம்மா, 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், மனநலத்துக்கான அரசாங்க இலவச எண், தமிழ்லயே பேசலாம். எனக்கும் எழுதுங்க.

கேள்வி: எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல பத்து நாளா ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு அக்கா. ஹிந்தியா பெங்காலியான்னு தெரியல, ஏதோ பேசுறாரு, கால்ல புண்ணு. நான் ரெண்டு நாள் இட்லி கொடுத்தேன். இப்ப ஊர் பசங்க அவரு போட்டோவ எடுத்து புள்ள பிடிக்கிறவன்னு வாட்சப் குரூப்புல போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் இதுல தலையிடாதேங்கிறாரு. பயமா இருக்கு.
– ஒரு வாசகி, நாகை மாவட்டக் கடற்கரை கிராமம்

பதில்: இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே உங்களுக்குத் தனியா பதில் போட்டுட்டேன், மத்தவங்களுக்கும் தேவைப்படும்னுதான் இங்கயும் போடுறேன். நீங்க பயப்படுறது சரிதான்மா, பயப்பட வேண்டிய எடம் அந்த வாட்சப் குரூப்பு. 2018 மே மாசம் பழவேற்காட்டுல இதே மாதிரிதான், யாருன்னு தெரியாம ஊருக்குள்ள சுத்திக்கிட்டிருந்த ஒருத்தர, புள்ள பிடிக்க வந்தவன்னு வதந்திய நம்பி அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. அதே வாரம் திருவண்ணாமலை மாவட்டத்துல, சாமி கும்பிட சென்னையில இருந்து போன 65 வயசு அம்மாவையும் அதே வதந்தியால அடிச்சே கொன்னாங்க. அடிச்சவங்க எல்லாம் ரவுடி இல்ல, நம்மள மாதிரி குடும்பஸ்தங்க, தன் பிள்ளைங்க மேல இருந்த பயத்துல கை ஓங்கினவங்க. அதனாலதான் சொல்றேன், நாளைக்குன்னு வைக்காதீங்க.

மொதல்ல அந்த குரூப்புல போட்டோவ எடுக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்கன்னா பஞ்சாயத்து ஆளையோ மீனவர் பஞ்சாயத்துப் பெரியவரையோ விட்டுச் சொல்லுங்க. அடுத்தது போலீஸ். 2017 மனநலச் சட்டத்துல 100ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, மனநலம் பாதிச்சு தன்னப் பாத்துக்க முடியாம திரியுற மாதிரி தெரியுற ஒருத்தர பாதுகாப்புல எடுக்க வேண்டியது அந்த ஸ்டேஷன் அதிகாரியோட கடமை, எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரியில காட்டணும், லாக்கப்புல வைக்கவே கூடாது. வீடு வாசல் தெரியாதவரா இருந்தா காணாமப் போனவர்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்தத் தேடவும் வேணும். ஸ்டேஷன்ல 'விடும்மா, தானா போயிருவாரு'ன்னு சொன்னாங்கன்னா இந்தப் பிரிவு நம்பரச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டு வாங்க. மனு கொடுத்ததுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கோங்க. உங்க பெரியவருக்கு மனநலப் பிரச்சினையே இல்லாமலும் இருக்கலாம், ரயில் மாறி ஏறி வந்து, பாஷை தெரியாம, காசு தொலைச்சவரா இருக்கலாம். அத டாக்டர் பாத்துச் சொல்லட்டும், கால் புண்ணுக்கு எப்படியும் ஆஸ்பத்திரி போகணும், அதுக்கு 108 கூப்பிட்டாலே வருவாங்க. முதியவங்களுக்குன்னு 14567னு ஒரு உதவி எண்ணும் இருக்கு. உங்க வீட்டுக்காரரையும் ஸ்டேஷனுக்குக் கூடவே கூட்டிட்டுப் போங்க, மனுஷன் கெட்டவர் இல்ல, நீங்க மாட்டிக்குவீங்களோன்னுதான் பயப்படுறாரு, அந்தப் பெரியவர் சாப்பிடறத பக்கத்துல இருந்து ஒரு தடவ பாத்தாருன்னா மாறிடுவாரு.

பாஷைக்கு ஒரு வழி சொல்றேன். உங்க பக்கத்துல இறால் கம்பெனியிலயோ கட்டட வேலையிலயோ வடநாட்டுப் பசங்க இருப்பாங்க, பீகார், ஒடிசா, மேற்கு வங்கம்னு எல்லா ஊர்ப் பசங்களும். நல்ல பையனா ரெண்டு பேரக் கூட்டிட்டு சாயங்காலம் போங்க, கூட்டம் சேத்துக்காதீங்க, அவரு பக்கத்துலயே தரையில உக்காந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுப் பேசச் சொல்லுங்க. மொதல்ல பேர், ஊர்னு ஆரம்பிக்க வேண்டாம். கால் வலிக்குதான்னு கேக்கச் சொல்லுங்க. கிழக்கால வானம் கறுத்துக்கிட்டிருக்குன்னு எழுதியிருந்தீங்க, அந்த ஸ்டாப்புக்குக் கூரை இருக்கான்னு எழுதல, இல்லன்னா இன்னைக்கே ஒரு தார்ப்பாய் கட்ட ஏற்பாடு பண்ணுங்க.